இன்ஜின் பெட்டிச் சிம்மாசனம்

வேன் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் ஹாரன்தான் அலறும். அப்புறம்தான் அவள் வாயைத் திறப்பாள். எதிரே வருவது லாரியா, சைக்கிளா, பெரிய மனுஷனின் காரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குக் குறுக்கே எவனாவது புகுந்துவிட்டால் போதும், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு வாங்கு வாங்கிவிடுவாள். "கண்ணை என்ன, வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்று அவள் கேட்கும்போது உள்ளே இருக்கும் வாண்டுகள் எல்லாம் கைதட்டும். காலங்கார்த்தாலே அதுகளுக்கு அதுதான் சினிமா.

அதே அக்காதான், பின்சீட்டில் ஒன்று வாந்தி எடுத்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு, "பரவாயில்லடா, பெரிய ஆபீசருங்களே எடுப்பாங்க" என்று சமாதானம் சொல்லுகிறவள். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தால் கட்டிவிடுவாள். வீட்டுப்பாடம் எழுதாமல் அழுகிற பிள்ளைக்கு டீச்சரிடம் பரிந்து பேசக்கூடப் போயிருக்கிறாள். பெற்றவர்கள் பிள்ளையை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார்கள் என்றால் சும்மா இல்லை.

வேன் பழைய மாடல். இந்த மாதிரி வண்டிகளில் இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்காது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். அந்த மூடியைத்தான் இன்ஜின் பெட்டி என்பார்கள். வண்டி ஓட ஓட அது கதகதவென்று சூடேறும். அக்கா அதன் மேல் போடுவதற்காகக் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் தடியாக ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தாள். ஓரத்தில் தங்க நிற நாடா வேறு. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் சிம்மாசனம்.

யாருக்குப் பிறந்தநாளோ, அன்றைக்கு சிம்மாசனம் அவர்களுக்கு. வேறு யாரும் தொடக்கூடாது. முன்கண்ணாடி முழுவதும் அவர்கள் ராஜ்ஜியம். சாலையே தன்னை நோக்கி ஓடி வருகிற மாதிரி இருக்கும். மழை இல்லாவிட்டாலும் ஒரு தடவை வைப்பர் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட வாசலில் ஹாரன் அடிக்கலாம். வீட்டில் புது சட்டை எடுத்துக் கொடுத்தாலும், கேக் வெட்டினாலும், அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. இப்போது மீசை முளைத்துக் காலேஜுக்குப் போகிற பையன்கள்கூடத் தெருவில் அவளைப் பார்த்தால், "அக்கா, நான் சிம்மாசனத்துல உட்காந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார்கள். "உன்னை மறப்பேனாடா, ஹாரனை விடவே மாட்டேன்னு அடம் பிடிச்சவனாச்சே" என்பாள். யாரையும் மறந்ததில்லை.

இந்த ராஜ்ஜியத்தில் இடம் கிடைக்காத ஒரே ஜீவன் வக்கீல்.

வக்கீல் என்றால் கோட்டு போட்ட வக்கீல் இல்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு சுண்டைக்காய்ப் பெண். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டு, பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு "ஏன்?" கிளப்புவாள். அதனால் அக்கா வைத்த பெயர் அது. அவளுடைய பிறந்தநாள் வருஷா வருஷம் பெரிய லீவில்தான் வந்து தொலைக்கும். பள்ளிக்கூடமே கிடையாது, அப்புறம் வேன் எங்கே, சிம்மாசனம் எங்கே?

"அப்போ எனக்கு லீவு விடறதுக்கு முதல் நாளே குடுத்துடுங்க" என்று போன வருஷம் வாதாடினாள்.

"அதெப்படி? பொறந்தநாள் அன்னிக்குத்தான். சட்டம்னா சட்டம்" என்றாள் அக்கா.

"சட்டம் யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்போ நீங்களே மாத்தலாமே?"

"மாத்தினா உனக்கு முன்னாடி லீவுல பொறந்ததுங்க எல்லாம் சண்டைக்கு வரும். போய் உட்காருடி."

போய் உட்கார்ந்தாள். ஆனால் விடுகிற ஜாதி இல்லை அவள். மற்ற பிள்ளைகள் சிம்மாசனத்தில் ஏறும்போதெல்லாம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை, எல்லோரும் இறங்கின பிறகு, மெத்தையை மட்டும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அதை அக்கா பார்த்துவிட்டாள். பார்த்ததிலிருந்து அவளுக்கே மனசு கேட்கவில்லை.

இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. வகுப்பறைகளில் தண்ணீர் புகுந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். விட்டுப்போன பாடத்தையெல்லாம் முடிக்க வேண்டும் என்று லீவைத் தள்ளிப்போட்டார்கள். ஊரே அதற்காகப் புலம்பியது. வக்கீல் ஒருத்திதான் வேனுக்குள் குதித்தாள். "அக்கா! என் பொறந்தநாளுக்கு ஸ்கூல் இருக்கு!"

"அடி என் தங்கமே!" என்று அக்காவும் கூடக் கத்தினாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வேன் ஓட்டுகிறவர்கள், பெற்றவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். போக்குவரத்து ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். இளவயசு, மெலிந்த குரல். புது விதிகளைச் சொன்னார். பள்ளிக்கூட வண்டியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி சீட், சீட்டுக்கு ஒரு பெல்ட். டிரைவரும் பெல்ட் போட வேண்டும். டிரைவர் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் உட்காரவே கூடாது. ஸ்கூட்டரில் கூட்டி வருகிறவர்கள் பிள்ளைக்கும் ஹெல்மெட் மாட்ட வேண்டும். வருகிற வாரத் தொடக்கத்திலிருந்து அமல்.

அக்காவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது. அங்கே ஹாரன் இல்லாததால் நேரடியாக வாயைத் திறந்தாள்.

"சார், நான் இந்த வண்டியை எத்தனை வருஷமா ஓட்றேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா, கேளுங்க."

"விழலைங்கம்மா" என்றார் அதிகாரி. விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார் போலிருக்கிறது.

"அப்புறம் என்ன?"

"விழாம இருந்தது நம்ம நல்ல நேரம்மா. எல்லா நாளும் அப்படி இருக்கும்னு சொல்ல முடியாதுங்களே."

"நல்ல நேரமா? என் கையும் காலும் சும்மாவா இருந்துச்சு? ஓட்டறது நானா, நேரமா?" என்று அவள் எகிற, பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் விதியை மாற்றவில்லை. அக்கா வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள். "நேத்துப் பெஞ்ச மழையில முளைச்சதெல்லாம் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்க வந்துட்டுது" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னாள்.

மறுநாள் காலை வக்கீல் வேனில் ஏறவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்டாள். "எங்க டீச்சர் நேத்தே சொன்னாங்க, இனிமே முன்னாடி யாரும் உட்காரக் கூடாதாமே. அடுத்த வாரத்துலேர்ந்து. என் பொறந்தநாளும் அடுத்த வாரம்தான்." கண் தளும்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் அழவில்லை, வக்கீல் அல்லவா.

பக்கத்தில் அவளுடைய அம்மா, பேக்கரியில் மாவு பிசைகிற வேலை, ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடியற்காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்த கையில் இன்னும் மாவு. "எப்படியாவது பண்ணுங்கக்கா. ராத்திரி பூரா தூங்கலை இவ. ஒரே ஒரு நாள்தானே? மூணு வருஷமா உசிரை வச்சிட்டிருக்கா."

அக்கா என்ன செய்வாள்? படியிலிருந்து இறங்கி, மண்டி போட்டு, அந்தச் சின்ன உள்ளங்கையில் தன் கையை வைத்து அடித்தாள். "சத்தியம். உனக்கு உண்டு. எவன் வந்து என்ன சொன்னாலும் உன் பொறந்தநாள் அன்னிக்கு நீதான் ராணி. அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து அவங்க சட்டம். போதுமா?"

வக்கீல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். படி உயரம் அதிகம் என்பதால் தினமும் அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் ஏற்றுவாள் அக்கா. அன்றைக்கும் அப்படியே தூக்கி உள்ளே விட்டாள்.

சத்தியம் பண்ணியாகிவிட்டது. இனி மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி பார்க்க வேண்டும். பெரிய சாலைச் சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரி ஒருத்தி நிற்பாள். பிள்ளைகள் அவளை விசிலம்மா என்பார்கள். பூனைக் கண். வேனுக்குள் யார் மிட்டாய் தின்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அவள் கண்ணில் படாமல் போக வேண்டுமென்றால் மரக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. குறுகல்தான், ஆனால் போலீஸ் கிடையாது, வண்டிகளும் அவ்வளவாக இல்லை. அந்தச் சந்து வழியாக ஊர்ந்துகொண்டே போய்விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

பிறந்தநாளுக்கு முந்தின தினம். காலை சவாரி முடிந்ததும் வேனைக் கொண்டுபோய் சீட் வேலை செய்கிறவரிடம் விட்டாள். புது விதி அமலுக்கு வந்தது அன்றைக்குத்தான்; மதியத்துக்குள் பெல்ட் எல்லாம் மாட்டித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் துளை போட்டு, போல்ட் முடுக்கி, இழுத்து இழுத்துப் பார்த்தார். அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏன் அண்ணே, இந்தப் பெட்டி மேலயும் ஒரு பெல்ட் போட முடியாதா?"

அவர் தகர மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா? இது வெறும் மூடிம்மா. வேகமா இழுத்தா பெல்ட்டு, மூடி, பிள்ளை எல்லாம் சேர்ந்து பறக்கும்."

"சும்மா கேட்டேன்" என்றாள் அக்கா.

திரும்புகிற வழியில் வீட்டுக்குத் தண்ணீர் கேன் ஒன்று வாங்கினாள். பெரிய கேன், மூடி சீல் வைத்தது. கடைக்காரர் பின்னால் வைக்கட்டுமா என்று கேட்டார். "வேணாம், உருளும். இங்க வைங்க" என்று சிம்மாசனத்தைக் காட்டினாள். முட்டை வாங்கினாலும் அங்கேதான், கண்ணாடிப் பாத்திரம் வாங்கினாலும் அங்கேதான். பத்திரமாக இருக்க வேண்டிய எதையும் அவள் தன் பக்கத்தில்தான் வைப்பாள். கண் பார்வையில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அப்படியே அந்த மரக்கடைச் சந்து வழியாகவும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினாள். புது பெல்ட்டை அவளும் மாட்டியிருந்தாள். சட்டத்துக்காக இல்லை, போட்டவர் வேலை சரியா என்று பார்க்கத்தான். தோளில் உறுத்தியது. "குதிரைக்குக் கடிவாளம் போட்ட மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

வேகமாகவும் போகவில்லை, பாவம். நாளைக்கு ராணியை ஏற்றிக்கொண்டு எப்படிப் போவாளோ அதே வேகம். மரக்கடைக் கதவு தாண்டுகிற நேரம், உள்ளேயிருந்து ஒரு தள்ளுவண்டி பின்பக்கமாக வெளியே வந்தது. நீள நீளமான பலகைகள் சந்து முழுக்க நீட்டிக்கொண்டிருந்தன. தள்ளுகிறவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்காவின் கால் பிரேக்கில் ஏறி நின்றது. வண்டி பலகைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. அவளைப் பெல்ட் பிடித்து இழுத்துக்கொண்டது.

கேன் நிற்கவில்லை.

அது எழும்பினதை அவள் பார்த்தாள். மெத்தை மேலிருந்து அப்படியே கிளம்பி, கேனின் மூடிப் பக்கம் முன்னால் வர, நேரே முன்கண்ணாடியில் போய் மோதியது. வண்டிக்குள் வெடிச்சத்தம் மாதிரி ஒரு சத்தம். கேன் கீழே விழுந்து கால் வைக்கிற இடத்தில் உருண்டது. கண்ணாடியின் அந்தப் பக்கம் முழுக்கச் சிலந்திவலையாக விரிந்துபோயிருந்தது.

தள்ளுவண்டிக்காரருக்கு அவளைத் தெரியும். திட்டு விழப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். ஹாரன் சத்தமும் இல்லை, திட்டும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னக்கா, அடி கிடி பட்டுடுச்சா?" என்று கிட்டே வந்தார்.

"இல்ல. நீ போப்பா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. அவர் பயந்துபோய் வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கேன் உடையவில்லை. அவள் பெல்ட்டைக் கழற்றி, பக்கத்து சீட்டுப் பக்கம் குனிந்து, அதை இரண்டு கையாலும் அடியில் பிடித்துத் தூக்கினாள். பாதி தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்தக் கனம் அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் தூக்குகிற கனம். வக்கீலை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் படியில் விடுகிற அதே கனம். கைக்கு வித்தியாசமே தெரியவில்லை.

 கேனை அணைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஹாரனை விடாமல் அடித்தவன், வைப்பர் போட்டுவிட்டுத் தானே பயந்தவள், கேக்கோடு வந்து மெத்தை முழுக்கக் கிரீம் அப்பினவன், தூங்கி வழிந்து அவள் தோளில் சாய்ந்தவள், எல்லா முகமும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவளேதான் உட்கார வைத்தாள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாத இடத்தில். பிரியத்தோடு, கைதட்டி, பாட்டுப் பாடி உட்கார வைத்தாள். 

இத்தனை பேருக்கும் முந்தி, முதன்முதலில் அங்கே உட்கார்ந்தது அவளுடைய சொந்த மகள். வேன் ஓட்டத் தொடங்கின புதிதில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பெட்டி மேல் உட்கார வைத்துக்கொண்டேதான் சவாரி போனாள். அந்த மெத்தையே அவளுக்காகத் தைத்ததுதான். அந்த மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அக்கா போனை எடுத்தாள்.

"என்னம்மா இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சின்னப் பிள்ளையில உன்னை வேன்ல முன்னாடி உட்கார வச்சிட்டுப் போவேனே, பெட்டி மேல. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? சூடு தாங்காம நெளிஞ்சுக்கிட்டே இருப்பேன்."

"சந்தோஷமாத்தானே இருந்தே?"

 அந்தப் பக்கம் மகள் யாரிடமோ "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்தாள் போலிருக்கிறது. "இப்ப ஏம்மா அதெல்லாம்?"

"சொல்லுடி."

"பயமாத்தாம்மா இருக்கும். நீ பிரேக் போடறப்பல்லாம் நான் கண்ணாடிக்குள்ள போயிடுவேன்னு நினைப்பேன். மெத்தை வேற வழுக்கும். ரெண்டு கையாலயும் அந்த நாடாவை இறுக்கிப் பிடிச்சுப்பேன்."

"நீ சிரிச்சிக்கிட்டே இருப்பியேடி! அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு..."

"நீ திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து அவ்ளோ சந்தோஷப்படுவே. இறக்கி விடுன்னு எப்படிச் சொல்றது? அதான் சிரிப்பேன்." பிறகு பதறினாள். "அம்மா, அழறியா? ஐயோ, எனக்கு ஒண்ணும் ஆகலையே. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நல்லா இருக்கே. நல்லா இருடி. நான் அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள். வைத்துவிட்டு, சந்துக்குள் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே அழுதாள்.

கண்ணாடி மாற்ற மறுநாள் மாலை ஆகும் என்றார்கள். விரிசல் டிரைவர் பக்கம் இல்லை. உடைந்து விழாது, மெதுவாகப் போனால் போதும் என்று மெக்கானிக் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். மாலையில் பிள்ளைகள் ஓடிவந்து, "ஹை, என்னக்கா ஆச்சு?" என்று விரிசலைத் தொட முண்டியடித்தார்கள். எல்லோரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு பெல்ட்டாக அவளே மாட்டினாள். மாட்டிவிட்டு இழுத்துப் பார்த்தாள். அடுத்த சீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

வக்கீல் மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மெத்தை எங்க?"

"உங்க அம்மா வரட்டும், சொல்றேன்."

அவள் இறங்கும் இடம் கடைசி. பேக்கரி அம்மா ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். அக்கா இரண்டு பேரையும் வேனுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"நாளைக்கு சிம்மாசனம் கிடையாது கண்ணு. நாளைக்கு மட்டும் இல்ல, இனிமே யாருக்குமே கிடையாது. நான் சத்தியம் பண்ணினேன். அந்தச் சத்தியத்தை உடைக்கறேன்."

வக்கீலின் வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. அவளுக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அப்புறம் வந்தது.

"பொய்! நீங்க பொய்! கையில அடிச்சீங்க!" பையைத் தரையில் எறிந்தாள். "மூணு வருஷம் நான் சும்மாதானே உட்காந்திருந்தேன்? எல்லாரும் உட்காந்தப்ப நான் தடுத்தேனா? எனக்கு வர்றப்ப மட்டும் ஏன்?"

அம்மாக்காரிக்கும் சுருக்கென்றது. "என்னக்கா இது? முடியாதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? ஆசை காட்டிட்டு, முதல் நாள் சாயந்தரம் வந்து இப்படிச் சொன்னா? விசிலம்மாவுக்குப் பயந்துட்டீங்களா?"

"விசிலம்மாவுக்கு நான் பயப்படுவேனா? இங்க வா." அக்கா வேன் கதவைத் திறந்து கேனைக் காட்டினாள். "இதைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குன்னா தூக்கேன்."

மாவு மூட்டை தூக்குகிறவள், சுலபமாகத் தூக்கினாள்.

"தண்ணி கேன். பெட்டி மேல வச்சிருந்தேன். ஊர்ந்து போறப்ப ஒரு பிரேக் போட்டேன். இது போய் இடிச்சதுதான் அது." அக்கா கண்ணாடியைக் காட்டினாள். "இப்ப உன் பொண்ணைத் தூக்கிப் பாரு."

பேக்கரி அம்மா கேனைக் கீழே வைத்தாள். மகளைத் தூக்கவில்லை. தேவைப்படவில்லை, பிறந்ததிலிருந்து தூக்குகிறவளுக்குத் தெரியாதா? கண்ணாடிக்குக் கிட்டே போய், விரிசலின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். கை வைத்த இடம் சரியாக ஒரு சின்னத் தலையின் அளவுக்கு இருந்தது. மாவு பிசைகிற அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் திரும்பி வந்து மகளின் பையைப் பொறுக்கி எடுத்தாள்.

"வா, போலாம்" என்றாள் மகளிடம். வழக்கமாக வக்கீல் ஸ்கூட்டரின் முன்பக்கம், அம்மாவின் கால்களுக்கு நடுவே நின்றுகொண்டுதான் போவாள். அம்மாவின் தலையில் ஹெல்மெட் இருந்தது. மகள் தலையில் ஒரு ரிப்பன். பேக்கரி அம்மா ஸ்கூட்டரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சாவியைப் போடவே இல்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா ஓட்டலை?" என்று அழுகைக்கு நடுவிலும் வக்கீல் கேட்பது காதில் விழுந்தது.

"இன்னிக்கு நடக்கலாம்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை வக்கீல் மஞ்சள் சட்டையில் வந்தாள். முகத்தை மட்டும் தூக்கி வைத்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அக்காவும் தூங்கவில்லை. படியில் ஏற்றிவிடக் கை நீட்டியபோது, அவள் உடம்பை மரக்கட்டை மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டாள்.

"பொறந்தநாள் வாழ்த்துகள்டி கண்ணு" என்றாள் அக்கா. வக்கீல் விடுவிடுவென்று தன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். வக்கீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசல்ல நீதான் ஹாரன் அடிக்கணும், வண்டி நின்னதும் கூப்பிடறேன்" என்று அக்கா ஆசை காட்டிப் பார்த்தாள். "எனக்கு வேணாம்" என்று பின்னாலிருந்து வந்தது. பெரிய சாலைச் சந்திப்பில் விசிலம்மா உள்ளே எட்டிப் பார்த்து, எல்லோர் பெல்ட்டையும் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அக்காவுக்கு அவளைப் பார்த்துத் தலையாட்டக்கூடத் தோன்றவில்லை. நல்ல காரியம் பண்ணின மாதிரியே இல்லை அவளுக்கு. ஒரு குழந்தையின் வாயிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்கின மாதிரிதான் இருந்தது.

பள்ளிக்கூட வாசல் வந்தது. ஹாரன் அடிக்காமலே வண்டி நின்றது. ஒவ்வொருவராக இறங்கி ஓடினார்கள். வக்கீல் மட்டும் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கேஸ் இன்னும் முடியவில்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. இறங்கி வந்து பக்கக் கதவருகில் நின்றாள்.

"இதுக்கு முன்னாடி உட்காந்தாங்களே," என்றாள் வக்கீல், முன்சீட்டைப் பார்த்தபடி. "அவங்களை எல்லாம் உங்களுக்குப் பிடிக்காதா?"

"பிடிக்கும்டி. உசிரு. அதனாலதான் உட்கார வச்சேன்."

"அப்போ அவங்களுக்கு அடிபடும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியலை கண்ணு. சத்தியமா தெரியலை. சத்தியம்னு சொல்ல எனக்கு இப்ப வாயில்ல. ஆனா தெரியலை. நேத்துதான் தெரிஞ்சுது."

வக்கீல் யோசித்தாள். உதடு பிதுங்கியது. "அப்போ இன்னும் ஒரே ஒரு நாள் தெரியாம இருந்திருக்கலாம்ல?"

  அக்கா இறக்கிவிட இரண்டு கையையும் நீட்டினாள். வக்கீல் பெல்ட்டைக் கழற்றினாள். நீட்டின கையைத் தட்டிவிட்டாள். அத்தனை உயரப் படியிலிருந்து தானே குதித்தாள். தடுமாறி விழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, மஞ்சள் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தொம் தொம்மென்று தரையை மிதித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். எடுங்கக்கா, எடுங்கக்கா என்று கத்தினார்கள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் சட்டை படியேறி, நடைபாதையில் திரும்பி, வகுப்புக்குள் போகிற வரைக்கும் பார்த்தாள்.

"கோவிச்சுக்கோடி என் ராசாத்தி" என்றாள். "நாளைக்கும் கோவிச்சுக்கோ. எத்தனை நாள் வேணும்னாலும் பேசாம இரு. முழுசா நடந்து போறியே, எனக்கு அது போதும்."